அடுப்பை எங்கே வைப்பது?



அண்மையில் வன்னியில் ஒரு மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா சொன்னார்: "வீடு தந்தவை, பிள்ளை. நல்ல கல்வீடுதான். ஆனா அடுப்பை எங்க வைக்கிறதெண்டு ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை." அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு கொட்டில் போட்டிருக்கிறார். இன்றுவரை சமையல் அதற்குள்தான். உள்ளே இருக்கும் குசினியில் விறகு எரித்தால் புகை வீடு முழுக்க நிறைந்துவிடுகிறதாம்.

அவர் அதைப் பகிடியாகத்தான் சொன்னார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வார்த்தைகள் என்னோடு வந்தன. நாற்பது வருடமாக அடுப்பு மூட்டும் ஒருவருக்கு, காற்று எந்தப் பக்கத்தால் வரும், புகை எந்தப் பக்கத்தால் போகும் என்பது நன்றாகத் தெரியும். அந்த அறிவை யாரும் ஓர் அறிவாக எண்ணவில்லை.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், பின்லாந்து நாட்டின் வடபகுதியான லாப்லாந்து பற்றி வாசித்திருக்கிறேன். எங்களுடைய வெய்யிலுக்கும் அவர்களுடைய பனிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் இடம்பெயர்வு, எரிந்த வீடு, கண்ணிவெடி, மீள்குடியேற்றம் என்ற சொற்கள் எங்களைப் போலவே அவர்களுக்கும் தெரியும். அந்தக் குளிர் ஊரில் பெண்கள் எப்படி மீண்டும் அடுப்பு மூட்டினார்கள் என்பதை இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சாம்பலாகிய ஊர்

லாப்லாந்தில் வருடத்தில் ஆறு, ஏழு மாதங்கள் நிலம் பனியால் மூடியிருக்கும். குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகை செல்சியஸ் என்பது அங்கே புதினமல்ல. 1999 சனவரியில் கித்திலா என்ற பிரதேசத்தில் பூச்சியத்துக்குக் கீழ் 51.5 பாகை பதிவாகியது. வடகோடிக் கிராமங்களில் நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் சனவரி நடுப்பகுதியில்தான் மீண்டும் தலைகாட்டும். அதற்கு மாறாக, கோடையில் இரண்டு மாதங்களுக்கு மேலாகச் சூரியன் மறைவதே இல்லை.

1939க்கும் 1944க்கும் இடையில் பின்லாந்து சோவியத் யூனியனோடு இரண்டு தடவைகள் போரிட்டது. இரண்டாவது போரில் ஜேர்மன் படைகள் பின்லாந்தின் பக்கம் நின்றன. வடக்கில் மாத்திரம் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜேர்மன் வீரர்கள் இருந்தார்கள். 1944 செப்ரெம்பரில் பின்லாந்து சோவியத் யூனியனோடு போர்நிறுத்த உடன்படிக்கை செய்தது. ஜேர்மன் படைகளை நாட்டை விட்டு வெளியேற்ற வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. நேற்றுவரை பக்கத்தில் இருந்தவர்கள் ஒரே மாதத்தில் எதிரிகளானார்கள்.

சண்டை தொடங்குமுன் லாப்லாந்து மக்கள் சுமார் ஒரு இலட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். ஏறக்குறைய 56,000 பேர் எல்லை தாண்டிச் சுவீடனுக்குப் போனார்கள். ஏனையோர் பின்லாந்தின் தெற்கு, மேற்குப் பகுதிகளுக்குப் போனார்கள். ஆண்களில் பலர் படையில் இருந்தபடியால், பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களுமே மாடுகளைச் சாய்த்துக்கொண்டு நடந்தார்கள். முகாம்களில் தொற்றுநோய் பரவியது. குழந்தைகளும் முதியவர்களும் பலர் அங்கேயே இறந்தார்கள்.

பின்வாங்கிய படைகள் வீடுகளை எரித்தன, பாலங்களைத் தகர்த்தன, வழியெங்கும் கண்ணிவெடிகளைப் புதைத்தன. றொவானியேமி என்ற நகரில் பத்தில் ஒன்பது பங்கு கட்டடங்கள் அழிந்தன. 1945 ஏப்ரல் கடைசியில்தான் கடைசிப் படைப்பிரிவு நோர்வேக்குள் போனது. அந்த வருட வசந்தத்திலும் கோடையிலும் மக்கள் திரும்பினார்கள். மரவீடு எரிந்த இடத்தில் செங்கல்லால் கட்டிய அடுப்பும் புகைபோக்கியும் மாத்திரம் நின்றன. போர் முடிந்த பின்னரும் காட்டிலும் மேய்ச்சல் தரையிலும் கிடந்த வெடிகளில் மனிதர்களும் மாடுகளும் சிக்கினார்கள்.

குளிர்காலம் வர அவர்களுக்கு நாலைந்து மாதங்கள்தான் இருந்தன.

முதலில் எழுந்தது வீடு அல்ல

பல குடும்பங்கள் முதலில் கட்டியது வீட்டை அல்ல, "சவுனா" என்ற சிறு மரக் குடிலை. பின்லாந்தில் புதுக் காணிக்குப் போகிறவர்கள் முதலில் சவுனாவைக் கட்டி, வீடு முடியும்வரை அதற்குள் வசிப்பது பழைய வழக்கம். ஒரே அறை, ஒரு மூலையில் கற்கள் அடுக்கிய அடுப்பு, சுவரோரம் படிப்படியாகப் பலகை. கற்கள் நன்றாகச் சூடேறிய பின் அதன்மேல் தண்ணீர் தெளித்தால் ஆவி எழும். அந்த ஆவியில் இருந்து வியர்த்துக் குளிப்பார்கள்.

இன்று எங்களில் பலர் சவுனா என்றால் பெரிய ஹோட்டல்களில் உள்ள ஆடம்பரம் என்றே எண்ணுகிறோம். கிராமத்துப் பெண்ணுக்கு அது வேறு. அங்கேதான் வெந்நீர் கிடைக்கும், உடுப்புத் தோய்க்கலாம், இறைச்சி புகையூட்டலாம், மூலிகை உலர்த்தலாம். பிரசவமும் அங்கேதான். அதிக சூட்டாலும் புகையாலும் அதுவே காணியில் மிகச் சுத்தமான இடமாக இருந்தது. பிரசவித்த தாய் சில நாட்கள் அமைதியாகப் படுத்திருக்கவும் அதுவே இடம். இறந்தவர்களைக் கழுவி அனுப்பியதும் அங்கிருந்துதான். பின்லாந்தின் இந்தச் சவுனா மரபை யுனெஸ்கோ 2020இல் மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வேலையின் ஒழுங்கு. சிறிய அறைக்குச் சிறிதளவு மரம் போதும், சிறிதளவு விறகு போதும். எல்லோரும் நெருங்கிப் படுத்தால் உடம்புச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். முதலில் ஒரு சூடான அறை, அடுத்தது பசுவுக்கு ஒரு தொழுவம், அதன் பிறகு ஆறுதலாக வீடு. கையில் உள்ளது குறைவாக இருக்கும்போது எதை முதலில் செய்வது என்பதே பெரிய அறிவு. அது ஒரு திட்ட வரைபடத்தில் பிறந்ததல்ல.

அடுப்பைச் சுற்றி ஒரு வீடு

பிறகு வீடுகள் வந்தன. போருக்குப் பின் பின்லாந்து முழுவதும் ஒரே மாதிரியான வரைபடங்களைக் கொண்டு பல்லாயிரம் மரவீடுகள் கட்டப்பட்டன. அவற்றின் நடுவில் ஒரு புகைபோக்கி இருக்கும். குசினியும் அறைகளும் அதைச் சுற்றி அமையும். ஒரு மூலையில் மூட்டிய நெருப்பின் சூடு வெளிச்சுவரால் வீணாகிப் போகாமல் எல்லா அறைக்கும் பகிரப்படும். ஆம் சகோதரிகளே, அங்கே அடுப்பை எங்கே வைப்பது என்ற கேள்வியிலிருந்துதான் வீடு தொடங்கியது.

அவர்களுடைய அடுப்பும் கவனிக்கத்தக்கது. செங்கல்லாலோ கல்லாலோ கட்டிய பருத்த அடுப்பு. நாள் முழுக்க விறகு எரிப்பதில்லை. ஒன்றிரண்டு மணித்தியாலம் நல்ல காய்ந்த விறகைப் பெருநெருப்பாக எரித்து முடித்துவிடுவார்கள். அந்தச் சூட்டைக் கல் உறிஞ்சி வைத்துக்கொண்டு இரவு முழுக்க மெதுவாக வெளிவிடும். நெருப்பு அணைந்த பின் சூடு வெளியேறாமல் புகைபோக்கியின் தட்டை மூடுவார்கள்.

இதில்தான் ஓர் ஆபத்து உண்டு. தணல் முழுதாக அணையுமுன் அந்தத் தட்டை மூடினால் காபனோரொட்சைட்டு என்ற நஞ்சு வாயு அறையில் நிறைந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடியோடும் மயக்கத்தோடும் தூங்கியவர்கள் எழும்புவதில்லை. தணலின் மேல் சிறு நீலச் சுவாலை தெரிந்தால், அது முழுதாக மறையுமுன் தட்டில் கை வைக்கக் கூடாது என்பது அங்கே தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம்.

இது எங்களுக்கும் வேண்டிய பாடம். நுவரெலியாப் பக்கத்தில் குளிர் கூடிய இரவுகளில் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவையும் யன்னலையும் பூட்டிப் படுப்பவர்கள் உண்டு. மழைக்காலத்தில் ஈரம் போக்கவென்று மற்ற இடங்களிலும் சிலர் செய்வார்கள். தணல் உள்ள சட்டியோடு மூடிய அறையில் ஒருபோதும் தூங்க வேண்டாம். கைக்குழந்தையும் தாயும் இருக்கும் அறையில் இன்னும் கவனம் தேவை.

கைக்குள் அடங்கும் வேலைகள்

சுவர் கட்டுவதற்கு அடுக்கிய மரங்களின் இடுக்குகளில் காட்டுப் பாசியைத் திணிப்பார்கள். பலகைச் சுவராயின் இரண்டு பலகைகளுக்கு நடுவே மரத்தூளை நிரப்புவார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மர ஆலையில் கிடைக்கும். இலையுதிர் காலத்தில் யன்னலுக்கு உட்பக்கமாக இரண்டாவது கண்ணாடிச் சட்டத்தைப் பொருத்தி, இரண்டுக்கும் இடையில் பாசியோ பஞ்சோ வைத்து, ஓரங்களில் கடதாசிக் கீலங்களை ஒட்டுவார்கள். பாசி ஈரத்தை உறிஞ்சும். கடதாசி காற்றை நிறுத்தும். முதல் பனி விழுந்ததும் அதே பனியை அள்ளி வீட்டின் அடிச்சுவரோடு அணைத்துக் குவிப்பார்கள். குளிரைக் கொண்டே குளிரைத் தடுப்பது இது.

பழைய உடுப்பு எதுவும் வீசப்படுவதில்லை. கிழிந்த சட்டையும் படுக்கை விரிப்பும் நீளக் கீலங்களாக வெட்டப்பட்டு, தறியில் நெய்யப்பட்டு, குளிர்ந்த பலகை நிலத்துக்கு விரிப்பாகும். எங்கள் ஊரில் பழைய சேலைகளை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிப்பு செய்கிறோமே, அது போலத்தான்.

லாப்லாந்தின் பழங்குடியினரான சாமி இனத்துப் பெண்கள் பனிமானின் கால் தோலைக் கொண்டு சப்பாத்துத் தைப்பார்கள். நூலுக்குப் பதிலாக அதன் நரம்பு. காலுறைக்குப் பதிலாக ஒருவகைக் கோரைப் புல். கோடைக் கடைசியில் அதை அறுத்து, அடித்து, சீவி, வளையமாகப் பின்னி உலர வைப்பார்கள். புல்லுக்கிடையே நிற்கும் காற்று காலைச் சூடாக வைத்திருக்கும். மாலையில் புல்லை வெளியே எடுத்து உலர்த்த வேண்டும். ஈரமான காலே விறைத்துப்போகும் கால் என்பது அவர்களது முதல் விதி. உடுப்பிலும் அப்படியே. தடித்த ஒன்றைவிட மெல்லிய பலவற்றை அடுக்காக உடுத்துவது நல்லது; வியர்க்கத் தொடங்குமுன் ஒன்றைக் கழற்றிவிட வேண்டும்.

கோடையில் சேர்த்துக் குளிரில் உண்பது

இரவே இல்லாத கோடை, ஓய்வே இல்லாத கோடை. பசுவுக்குப் புல் வெட்டிக் கம்புகளில் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும். புல் போதாவிட்டால் மர இலையும் பாசியும் சேர்த்து அவித்துக் கொடுப்பார்கள். ஒரு பசு குளிர்காலத்தைத் தாண்டினால்தான் பிள்ளைகளுக்குப் பால். போருக்குப் பிறகும் குளிர்காலத்தில் ஆண்கள் மாதக்கணக்கில் காட்டு மரவேலைக்குப் போனார்கள். பசுவும் பிள்ளையும் விறகும் தண்ணீரும் பெண்ணின் பொறுப்பு. உறைந்த ஆற்றில் துளை வெட்டித்தான் தண்ணீர் அள்ள வேண்டும்.

உருளைக்கிழங்கை மண்மேட்டுக்குள் தோண்டிய அறையில் வைப்பார்கள். மண்ணின் சூடு அதை உறையாமல் காக்கும். மீனை உப்பிலிடுவார்கள். பனிமான் இறைச்சியைப் பங்குனி, சித்திரை மாதங்களில் வெளியே தொங்கவிட்டு உலர்த்துவார்கள். பகலில் வெய்யில், இரவில் உறைகுளிர், இலையான் இன்னும் வராத காலம். எங்கள் வெய்யில் கருவாட்டுக்குச் செய்வதை அங்கே குளிரும் வெய்யிலும் சேர்ந்து செய்கின்றன. றை என்ற தானியத்தில் நடுவில் துளையுள்ள வட்டப் பாண் சுட்டு, கம்பில் கோத்துக் கூரைக்குக் கீழே தொங்கவிடுவார்கள். காய்ந்து இறுகினாலும் மாதக்கணக்கில் கெடாது.

காட்டில் விளையும் ஒருவகைச் சிவப்பு பெர்ரிப் பழத்தைச் சீனி கூட இல்லாமல் தண்ணீரில் இட்டே மாதக்கணக்கில் வைப்பார்கள். பழத்தில் இயற்கையாகவே உள்ள பென்சோயிக் அமிலம் அதைக் கெடவிடாது. பெண்கள் இதை அறிந்தது ஆய்வுகூடத்தில் அல்ல. விஞ்ஞானம் பின்னர் வந்து காரணம் சொன்னது. காடு யாருடையதாயினும் அங்கே பழம் பறிக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. பறித்துவிற்ற காட்டுப் பழத்துக்கு இன்றும் வருமான வரி இல்லை. காணியில்லாத பெண்ணுக்கும் தன் கையில் காசு கிடைக்க இது ஒரு வழியாயிற்று.

தயிர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "வீலி" என்பது அவர்களது உறைபால். பின்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் அதில் துணியை நனைத்து, உலர்த்தி, மடித்துக் கொண்டுபோனார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் அந்தத் துணியைப் பாலில் இட்டால் மீண்டும் உறை. ஒரு கைலேஞ்சிக்குள் ஒரு வீட்டின் ருசியையே கொண்டுபோகலாம் என்பது இடம்பெயர்ந்தவர்களுக்குப் புரியும்.

ஒருவர் கணக்கெடுத்தார்

இந்த வேலைகளை ஒருவரால் தனித்துச் செய்ய முடியாது. "தல்கோத்" என்ற வழக்கம் கைகொடுத்தது. ஊரார் கூடி ஒரு வீட்டு வேலையைக் கூலியில்லாமல் செய்வார்கள். அந்த வீட்டுக்காரர் சாப்பாடு கொடுப்பார். எங்கள் சிரமதானம் போன்றது. அந்தப் போர்களில் பின்லாந்தில் ஏறக்குறைய 30,000 பெண்கள் கணவரை இழந்தார்கள். 50,000 அளவிலான பிள்ளைகள் தந்தையை இழந்தார்கள். ஆணில்லாத வீட்டுக்குக் கூரை ஏறியதில் இந்த வழக்கத்துக்குப் பங்குண்டு. 1899இல் தொடங்கிய "மார்த்தா" என்ற பெண்கள் அமைப்பும் ஊரூராகப் போய்த் தோட்டம், உணவு பதனிடல், சிக்கனச் சமையல் ஆகியவற்றைக் கற்பித்தது.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது மையு கெபார்ட் என்ற மனையியலாளரைப் பற்றி. வேலைத்திறனை ஆராயும் ஒரு நிறுவனத்தில் அவர் பணியாற்றினார். பெண்கள் வீட்டில் செய்யும் வேலையை மணிக்கூட்டோடு அளந்தார். ஒரு குடும்பப் பெண் தன் வாழ்நாளில் பாத்திரம் கழுவுவதில் மட்டும் ஏறக்குறைய 30,000 மணித்தியாலங்களைச் செலவிடுகிறாள் என்று கணக்கிட்டார். அதைக் குறைக்க 1944-45 காலத்தில் அவர் உருவாக்கியது ஓர் எளிய அலுமாரி. கழுவும் தொட்டிக்கு மேலே மாட்டியிருக்கும். அடிப்பலகைக்குப் பதிலாகக் கம்பித் தட்டு. கழுவிய பீங்கானை அப்படியே அடுக்கிவிட்டால் தண்ணீர் தொட்டிக்குள் வடியும். துடைக்கத் தேவையில்லை, வேறு இடத்தில் அடுக்கவும் தேவையில்லை. இன்று பின்லாந்தில் அநேகமாக எல்லாக் குசினியிலும் அது உண்டு. எங்கள் வளவில் கம்பு நட்டுத் தட்டிப் பந்தல் போட்டுப் பாத்திரம் கவிழ்ப்பதும் இதே எண்ணம்தான். அதை யாரும் அளந்து எழுதவில்லை.

அளந்தபோது அது வேலை என்று தெரிந்தது. வேலை என்று தெரிந்தபோது அரசும் அதற்குப் பொறுப்பெடுத்தது. எல்லாப் பிரதேசங்களிலும் தாய்சேய் நிலையமும் மருத்துவிச்சியும் இருக்க வேண்டும் என்று 1944இல் சட்டம் வந்தது. வறிய தாய்மாருக்கு 1938இல் தொடங்கிய குழந்தை உடுப்புப் பெட்டி 1949இல் எல்லாத் தாய்மாருக்கும் கிடைத்தது. கர்ப்ப காலத்தின் தொடக்கத்திலேயே பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பெட்டியே பல குழந்தைகளின் முதல் தொட்டில். 1948 முதல் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவச மதிய உணவு. தாய் நோயுற்றால் வீட்டுக்கு வந்து சமைக்கவும் பிள்ளை பார்க்கவும் பயிற்சி பெற்ற உதவியாளரைப் பிரதேச நிர்வாகமே அனுப்ப 1950இல் சட்டம் இயற்றப்பட்டது.

பேசாமல் விட்டது

எல்லாம் நல்லபடி நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஜேர்மன் வீரர்களோடு பழகிய பெண்களையும் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளையும் ஊர் பல வருடங்கள் ஒதுக்கியது. அதே படைகளோடு வியாபாரம் செய்த ஆண்களைப் பற்றி ஊர் அவ்வளவு பேசவில்லை. முகாமில் குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த தாய் மறுநாள் பால் கறந்தாள். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கதைகள் பல தசாப்தங்கள் கழித்தே, அவர்கள் முதுமையடைந்த பின்தான் வெளியே வந்தன. கைவேலை மனதைத் தாங்கிப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் கைவேலை பேச்சுக்கு ஈடாகாது. நம் குழுக்களில் தையலும் சேமிப்பும் நடக்கும்போது, பேசவும் அழவும் நேரம் வைப்போம்.

வன்னியில் கண்ட அந்த அம்மாவிடம் நான் மீண்டும் போவேன். அவருடைய கொட்டிலை அளந்து, அடுப்பின் வாய் எந்தத் திசை, கூரை எவ்வளவு உயரம், புகை எங்கால் போகிறது என்று எழுதிக்கொள்ளப் போகிறேன். அடுத்த முறை வீட்டுத் திட்டம் பற்றிய கூட்டம் நடக்கும்போது மேசையில் வைப்பதற்கு ஒரு தாளாவது இருக்க வேண்டும்.

உங்கள் குழுவில் கலந்துரையாட:

1. திரும்பி வந்த முதல் வாரத்தில் நீங்கள் எதை முதலில் செய்தீர்கள்? ஏன்?

2. காலையில் எழும்பியது முதல் படுக்கும்வரை செய்யும் வேலைகளை ஒரு நாளைக்கு மணிக்கூடு பார்த்து எழுதுங்கள். எந்த வேலைக்கு அதிக நேரம் போகிறது? அதைக் குறைக்க என்ன செய்யலாம்?

3. உங்கள் அம்மாவிடம் அல்லது அம்மம்மாவிடம் கற்ற, காசு செலவில்லாத ஒரு வழிமுறையைச் சொல்லுங்கள். அதை உங்கள் மகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டீர்களா?

4. உங்கள் வீட்டில் அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா?

பதில்களை எழுதி அனுப்புங்கள். எழுதச் சிரமமானவர்கள் குழுவில் ஒருவரிடம் சொல்லி எழுதுவியுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.